துரை வந்த காரு... ஊரு வண்டலூரு!

உங்க வீட்லயோ, பக்கத்து வீட்லயோ, இல்ல உங்க ஊர் ரைஸ்மில் பின்னாடியோ ஒரு பழைய கார் நிக்குதா? தார்ப்பாய் போர்த்தி, மேல ரெண்டு கோழி உட்கார்ந்து, டயர் பாதி மண்ணுக்குள்ள போய்..? அப்படின்னா அந்த காருக்கு ஒரு கதையும் கண்டிப்பா இருக்கும். 'இது வெள்ளைக்கார துரை ஓட்டினது', 'இந்த மாடல் இந்தியாவுலயே மூணுதான் இருக்கு', 'இதுல எம்.ஜி.ஆர். ஏறியிருக்கார்'. இந்த மூணுல ஒண்ணு நிச்சயம். என் ஃப்ரெண்டு வீட்டு காருக்கு முதல் ரெண்டும் இருந்துச்சு. மூணாவதை அவனோட சித்தப்பா ட்ரை பண்ணிப் பார்த்து, யாரும் நம்பலைன்னு விட்டுட்டார்.

அந்தக் கதையில எத்தனை சதவிகிதம் நிஜம்னு கண்டுபிடிக்க மூணு வாரம் அலைஞ்சோம். மதுராந்தகத்துல ஆரம்பிச்சு, புதுப்பேட்டை போய், பெருங்களத்தூர் வந்து, திரும்ப மதுராந்தகம். வாங்க, நீங்களும் ஏறிக்குங்க. வண்டி ஸ்டார்ட் ஆகாது. தள்ளணும்!

நம்மாளு (பேர் வேணாம், கிளாஸ்ல ஓட்டியே கொன்னுடுவாங்க) என் கூட மூணாவது வருஷம் மெக்கானிக்கல். ரூம்மேட். செமஸ்டர் லீவுல ஒரு நாள் ராத்திரி பதினோரு மணிக்கு போன். "மச்சி, தாத்தா காரை விக்கப் போறோம்டா."

அவன் குரல்ல ஜோக் இல்லை. அப்பாவோட கடை ரெண்டு வருஷமா சரியா ஓடலை. இவனுக்கு ஃபைனல் இயர் ஃபீஸ், தங்கச்சிக்கு நர்சிங் காலேஜ் அட்மிஷன், ரெண்டும் ஒரே மாசத்துல வந்து நிக்குது. பழைய கார்களை வாங்கிச் சேர்க்கிற பெங்களூர்க்காரர் ஒருத்தர் ஃபோட்டோ பார்த்துட்டு ரெண்டு விலை சொல்லியிருக்கார். நிஜமாவே இங்கிலாந்துல செஞ்ச ட்ரையம்ஃப் ஹெரால்டு கன்வெர்ட்டிபிள்னா ஒன்பது லட்சம். இல்லைன்னா ஒண்ணே கால் லட்சம், அதுவும் யோசிச்சுத்தான் சொல்வாராம். நடுவுல ஏழே முக்கால் லட்சம் தொங்குது பாஸ்!

"நீதான் பத்திரிகையில எழுதறியே... துப்பு துலக்கிக் குடுடா" என்றான். இன்டர்ன்ஷிப்ல அதுவரைக்கும் நான் எழுதினது ஒரு கேன்டீன் சர்வே, ரெண்டு கல்ச்சுரல்ஸ் ரிப்போர்ட். ஆசிரியர்கிட்ட கேட்டேன். "போயிட்டு வா. ஆனா என்ன கிடைக்குதோ அதைத்தான் எழுதணும்" என்றார். அப்போ அது சுலபமான கண்டிஷனாத்தான் தெரிஞ்சுது.

கிளாம்பாக்கத்துல பஸ் ஏறி, செங்கல்பட்டு தாண்டி, பாலாத்துப் பாலத்தையும் கடந்து, கொஞ்ச நேரத்துல கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் தண்ணி தெரிஞ்சா... அதுதான் மதுராந்தகம் ஏரி. இந்த ஊருக்குன்னே ஒரு துரை கதை ஏற்கெனவே இருக்கு, தெரியுமா? 1790-கள்ல லயனல் ப்ளேஸ்னு ஒரு கலெக்டர். பெருமழை. ஏரி உடையப் போகுதுன்னு பதறி ராத்திரியில பார்க்க வந்தவர் கண்ணுக்கு, வில்லும் கையுமா ராமரும் லட்சுமணரும் கரையைக் காவல் காக்கிற மாதிரி தெரிஞ்சுதாம். கரை உடையலை. அதனாலதான் அங்கே இருக்கிற ராமருக்கு ஏரி காத்த ராமர்னு பேர். அந்த மாதிரி ஊர்ல போய் 'இது துரை கொண்டு வந்த கார்'னு சொன்னா யார் குறுக்கு விசாரணை பண்ணுவாங்க?

வீட்டுப் பின்னாடி ஓலைக் கொட்டகை. தார்ப்பாயை உருவினதும் ஒரு நிமிஷம் ரெண்டு பேருமே பேசலை. வெளிர் நீலம். கூரையே கிடையாது. பின் பக்கம் சின்னதா ரெண்டு வால் சிறகு, முன்னாடி பானெட் உதட்டுல ஏழு குரோம் எழுத்து, இங்கிலீஷ்ல 'ட்ரையம்ஃப்'. பெட்ரோல் வாசனை போய் எலி வாசனை வந்துட்டாலும் கார் அழகுதான்.

தாத்தாவுக்கு 81 வயசு. ரிட்டையர்டு சர்வேயர். சங்கிலி பிடிச்சு சுத்துப்பட்டு நிலத்தையெல்லாம் அளந்தவர். 1979-ல பாட்டியோட காசுமாலையை அடகு வெச்சு இந்தக் காரை வாங்கியிருக்கார். "சாதா ஹெரால்டு பன்னண்டாயிரத்துக்குக் கிடைச்சுது தம்பி. இது இம்போர்ட்டட். பதினெட்டு குடுத்தேன்" என்றார். மெட்ராஸ் கம்பெனி ஒண்ணுல மேனேஜரா இருந்த வெள்ளைக்காரர் 1964-ல கப்பல்ல கூடவே கொண்டு வந்த கார், ஊருக்குத் திரும்பும்போது வித்துட்டுப் போனார்... இப்படின்னு புரோக்கர் சொன்னாராம். அந்தப் புரோக்கர் சொன்னதைத் தவிர வேற ஆதாரம்? "ஆர்.சி. புக் இருக்கே!"

இருந்துச்சு. ஆனா டூப்ளிகேட். ஒரிஜினல் மழையில போச்சு. எம்.எஸ்.னு ஆரம்பிக்கிற பழைய மெட்ராஸ் நம்பர், வருஷம் 1964, தயாரிப்புன்னு இருக்கிற இடத்துல ஒரே வார்த்தை: 'ஹெரால்டு'. யார் தயாரிச்ச ஹெரால்டு? யாரோ ஒரு கிளார்க் அன்னைக்கு டீ குடிக்கப் போற அவசரத்துல ஒரு வார்த்தையை விட்டுட்டார். நாப்பது வருஷம் கழிச்சு அந்த ஒரு வார்த்தைக்கு விலை ஏழே முக்கால் லட்சம்!

இங்கே கொஞ்சம் வரலாறு சொல்லியே ஆகணும். தூங்கிடாதீங்க, சூப்பரா இருக்கும். துரைன்னதும் 1947-க்கு முன்னாடின்னு நினைச்சுக்காதீங்க. ட்ரையம்ஃப் ஹெரால்டு பொறந்ததே 1959 ஏப்ரல்லதான். இங்கிலாந்துல கோவென்ட்ரி பக்கம், ஸ்டாண்டர்டு - ட்ரையம்ஃப் கம்பெனி. டிசைன் போட்டவர் ஜியோவானி மிக்கேலாட்டிங்கற இத்தாலிக்காரர். அப்போ மத்த கம்பெனியெல்லாம் சேஸிஸ் இல்லாம உடம்பையே ஒரே கூடா வெல்டிங் பண்ணிக் கார் செய்ய ஆரம்பிச்சாச்சு. இவங்களுக்கு மொத்த பாடியையும் அடிச்சுக் குடுத்துட்டிருந்த கம்பெனியை 1953-லயே போட்டிக் கம்பெனி வாங்கிடுச்சு. என்ன பண்றது? பழையபடி தனி சேஸிஸ். அதுமேல பாடியைத் துண்டு துண்டா செஞ்சு போல்ட் போட்டு முடுக்கறது. முன் துண்டு ஒண்ணு, நடுவுல ஒண்ணு, பின்னாடி ஒண்ணு, மேல கூரை ஒண்ணு. மொத்த பானெட்டும் மட்கார்டோட சேர்ந்து முன் பக்கமா கவிழும். டயர் மேல உட்கார்ந்துக்கிட்டே எஞ்சின் வேலை பார்க்கலாம். ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சா 25 அடி வட்டத்துல திரும்பிடும். நம்ம ஆட்டோ அண்ணன்கள் பார்த்தா பொறாமைப்படுவாங்க.

துண்டு துண்டா இருக்கிறதால ஒரு லாபம். பெட்டியில அடுக்கி வேற நாட்டுக்கு அனுப்பி, அங்கே மாட்டிக்கலாம். அந்த 'வேற நாடு'கள்ல ஒண்ணு நம்மளது. இடம்? நம்ம மெட்ராஸ்!

1948-லயே இங்கே ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியான்னு ஒரு கம்பெனி ஆரம்பிச்சாச்சு. ஃபேக்டரி வண்டலூர் பக்கம். வான்கார்டு, அப்புறம் பென்னன்ட், 1961-ல இருந்து ஹெரால்டு. இங்கிலாந்துல பேர் ட்ரையம்ஃப் ஹெரால்டு, இங்கே பேர் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அங்கே கடைசி வரைக்கும் ரெண்டு கதவுதான். பின் சீட்டுக்கு ஏற அத்தைங்களுக்குக் கஷ்டமா இருந்துச்சோ என்னவோ, 1960-களோட கடைசியில நம்மாளுங்க நாலு கதவு வெச்ச ஹெரால்டு செஞ்சாங்க. உலகத்துல வேற எங்கேயும் அது கிடையாது. நிஜமான 'ரேர்' எதுன்னு இப்போ யோசிச்சுக்குங்க.

சரி, கூரை இல்லாத காருக்கு வருவோம். இங்கிலாந்துல 1960-ல இருந்தே கன்வெர்ட்டிபிள் வந்துச்சு. ஆக, தாத்தா சொல்ற கதை நடக்க முடியாத கதை இல்லை. 60-கள்ல மெட்ராஸ்ல வெள்ளைக்கார மேனேஜர்கள் இருந்தது நிஜம். முழு காரை இறக்குமதி பண்றது ரொம்பக் கஷ்டம், ஆனா முடியவே முடியாதுன்னு இல்லை. அதனால நாங்க குஷியாதான் வேலையை ஆரம்பிச்சோம்.

முதல் வேலை எஞ்சின். இங்கேதான் நாலு செமஸ்டர் படிச்சது முதல் முறையா உருப்படியா உதவுச்சு. 1964-ல இங்கிலாந்துல வந்த கன்வெர்ட்டிபிள்னா எஞ்சின் 1147 சி.சி. நம்ம ஊர் ஹெரால்டுக்கு 948 சி.சி. அளந்தா தெரிஞ்சுடும்! ஊர் மெக்கானிக் அண்ணன் ஒருத்தர் பாவப்பட்டு ஹெட்டைக் கழட்டித் தந்தார். நான் ரொம்ப ஸ்டைலா பிஸ்டன் மேலயும் கீழயும் போற தூரத்தை முதல்ல அளந்தேன். 76 மில்லிமீட்டர். "மச்சி, 1147-க்கும் ஸ்ட்ரோக் 76 தாண்டா!"னு நம்மாளு கத்த, தாத்தா துண்டை எடுத்து முகம் துடைச்சுக்க, பாட்டி காபி போட உள்ளே போக... ஒரு நிமிஷம் கழிச்சுத்தான் எனக்கு உறைச்சுது. 948-க்கும் ஸ்ட்ரோக் அதே 76 தான். ரெண்டு எஞ்சினுக்கும் வித்தியாசமே சிலிண்டர் அகலத்துல மட்டும்தான். ஒண்ணு 63, இன்னொண்ணு 69.3.

வெர்னியரை வெச்சேன். 63.5. ஒரு தடவை போரிங் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டிருக்கு, அந்த அரை மில்லி அதுதான்னு மெக்கானிக் அண்ணன் சொன்னார். எப்படிக் கணக்குப் போட்டாலும் 69 வராது. பக்கத்துல மாட்டியிருந்த டைனமோவைத் துடைச்சுப் பார்த்தா 'லூகாஸ் டி.வி.எஸ்.'னு இருக்கு. 1961-ல பாடியில ஆரம்பிச்ச கம்பெனி.

காபி வந்துச்சு. யாரும் குடிக்கலை. தாத்தா மட்டும் அசரலை. "எஞ்சினை மாத்தியிருப்பான். டைனமோவை மாத்தியிருப்பான். வண்டியை மாத்த முடியுமா?"

நல்ல கேள்வி. இதே கேள்வி லண்டன் கோர்ட்டுக்கே போயிருக்கு. 1929, 1930 ரெண்டு வருஷமும் லெ மான் 24 மணி நேர ரேஸ்ல ஜெயிச்ச 'ஓல்டு நம்பர் ஒன்'ங்கற பென்ட்லி காரை, சுமார் ஒரு கோடி பவுண்டுக்கு வாங்க ஒத்துக்கிட்டவங்க, 'இதுல அந்தக் காலத்துப் பாகமே கொஞ்சம்தான் இருக்கு, இது அது இல்லை'ன்னு பின்வாங்கினாங்க. 1990-ல ஜட்ஜ் என்ன சொன்னார் தெரியுமா? பாகம் மாறிக்கிட்டே வந்தாலும் அது அறுந்து போகாம அதே காராவே தொடர்ந்து இருந்திருக்கு, அதனால இதுதான் அதுன்னுட்டார். பஸ்ல திரும்பும்போது இதை நம்மாளுகிட்ட சொன்னேன். "அப்போ நம்மளுதும் தொடர்ந்து இருந்திருக்கே மச்சி?" என்றான். இருந்திருக்கு. எங்கே இருந்து தொடர்ந்துச்சுங்கறதுதானே பிரச்னை?

அடுத்த ஸ்டாப் புதுப்பேட்டை. ஆதித்தனார் சாலையில இறங்கி உள்ளே நடந்தா போதும், ஒரு காரோட உடற்கூறு பாடமே நடக்குது. ஒரு கடை முழுக்கக் கதவு. அடுத்த கடை முழுக்கக் கியர்பாக்ஸ். ஒருத்தர் பிளாட்பாரத்துல சம்மணம் போட்டு டிஃபரன்ஷியலைப் பிரிச்சிட்டிருந்தார், அவர் மடியில இருந்து ஒரு பூனை எட்டிப் பார்த்துச்சு. எங்க லேப்ல கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கிற பாகமெல்லாம் இங்கே சாக்குப் பையில கிடக்குது. புதுப்பேட்டைக்கு ஒரு நாள் கூட்டிட்டு வந்தா ஆட்டோமொபைல் பேப்பர்ல யாரும் அரியர் வைக்க மாட்டாங்க, சார்... கேக்குதா சார்?

ஹெரால்டுன்னு வாயைத் திறந்ததும் ஏழெட்டுக் கடையில சிரிச்சாங்க. கடைசியா ஒரு பெரியவர். தலைக்கு மேல பரண்ல இருந்து ஒரு ஹெரால்டு ஹார்ன் ரிங்கை எடுத்துக் காட்டி, "இதுவா?" என்றார். போன்ல இருந்த ஃபோட்டோவை ரெண்டு விரலால பெருசாக்கி ரொம்ப நேரம் பார்த்தார். எழுத்துல இருந்த ஏழு குரோமையும் ஒரு நொடிகூடப் பார்க்கலை. அவர் பார்த்தது பின் சீட்டை.

"தம்பி, இந்த சீட்டு முழு அகலம் இருக்கே... நெசமான தொறந்த வண்டியில துணிக் கூரை மடிஞ்சு எங்க உக்காரும்? அதுக்கு எடம் விட்டு சீட்டைக் குறுக்கியிருப்பான். கதவுக்குப் பின்னாடி தூணையும் பலமா வெச்சிருப்பான்."

நான் முழிச்சேன். அவர் தொடர்ந்தார். அந்தக் காலத்துல சினிமா ஷூட்டிங்குக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் கூரை இல்லாத காருக்கு நல்ல கிராக்கியாம். வேற கார்ல கூரையை அறுத்தா வண்டியே நடுவுல தொங்கிடும். ஹெரால்டுக்குத் தனி சேஸிஸ். ஸ்பானர் போட்டுப் போல்ட்டைக் கழட்டினா கூரை கையோட வந்துடும். "ஒரு மத்தியானம் போதும் தம்பி. எழுத்து வேணும்னா எழுத்தும் கெடைக்கும்" என்று சிரிச்சார். "கூரை போச்சு சரி. போல்ட் ஓட்டை எங்க போகும்? போய்த் தடவிப் பாரு."

வெளியே வந்தா நம்மாளு கூவம் பக்கமா திரும்பி நின்னுட்டிருந்தான். கூவத்தை அவ்வளவு நேரம் யாராவது பார்ப்பாங்களா? அவன் பார்த்தான்.

போறதுக்கு முன்னாடி பெரியவர் ஒரு போன் நம்பர் குடுத்திருந்தார். ஸ்டாண்டர்டு கம்பெனியில வேலை பார்த்தவர், பெருங்களத்தூர்ல இருக்கார், அவருக்குத் தெரியும்னு. அடுத்த சனிக்கிழமை எலெக்ட்ரிக் ட்ரெயின்.

பெருங்களத்தூர்ல இறங்கி வண்டலூர் பக்கமா ஜி.எஸ்.டி. ரோடுல போயிருக்கீங்களா? கண்டிப்பா போயிருப்பீங்க. பொங்கலுக்கு ஊருக்குப் போற ஒவ்வொருத்தரும் ட்ராஃபிக்ல மாட்டி மணிக்கணக்கா வெறிச்ச இடம்தான். கண்ணாடி போட்ட ஐ.டி. கட்டடம், அடுக்கடுக்கா ஃப்ளாட்டு, ஷேர் ஆட்டோ, பிரியாணிக் கடை. அந்தப் பக்கம் வண்டலூர் ஜூ. இதே ரோட்டோரமா ஒரு காலத்துல புது கார்கள் வரிசையா வெளியே வந்துச்சுன்னு சொன்னா நம்பவே முடியலை. ஆயிரம் தடவை கடந்து போயிருக்கேன், ஒரு தடவைகூடத் தெரியாது. ஆறாவது படிக்கும்போது ஜூவுல சிங்கத்தைப் பார்த்தது மட்டும் ஞாபகம் இருக்கு.

அந்த ஐயாவுக்கு எழுபது தாண்டியிருக்கும். 1972-ல வேலைக்குச் சேர்ந்தவர். "உங்க வண்டி எனக்கு முன்னாடி தம்பி. நான் கேஸல் ஆளு" என்றார். கேஸல்ங்கறது ஹெரால்டையே மாத்தி, பின் ஆக்ஸிலை நேர் ஆக்ஸிலாக்கி வந்த மாடல். அப்புறம் 1985-ல ஸ்டாண்டர்டு 2000. இங்கிலாந்து ரோவர் காரோட பெரிய உடம்பு, உள்ளே பழைய ரெண்டு லிட்டர் எஞ்சின். விலையும் அதிகம், பெட்ரோலும் குடிக்கும். எதிர்ல மாருதி வேற வந்தாச்சு. 1988-ல உற்பத்தி நின்னுபோச்சு. இதை அவர் சொன்ன வேகத்துல நான் எழுதியிருக்கேன். அவர் அதைப் பத்தி அதுக்கு மேல பேச விரும்பலை. அப்போ அவருக்கு முப்பத்தஞ்சு, முப்பத்தாறு வயசு இருந்திருக்கும். அவர் மனைவிதான் இன்னொரு தோசை வைக்கறப்ப மெதுவா சொன்னாங்க, "அதுக்கப்புறம் இவர் எந்த கம்பெனி பஸ் போனாலும் திரும்பிப் பார்ப்பார்"னு.

ஆனா வண்டியைப் பத்தின்னா உயிர் வந்துடுது. நாங்க பெங்களூர்க்காரர் கேட்ட அத்தாட்சியைப் பத்திச் சொன்னோம். இங்கிலாந்துல கேடன்ங்கற ஊர்ல இருக்கிற பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்துல, பழைய கம்பெனி ரெஜிஸ்டர்களைப் பார்த்து 'இந்தக் கார் இந்தத் தேதியில, இந்தக் கலர்ல செஞ்சது'ன்னு சர்டிஃபிகேட் தருவாங்க. அதுக்கு முதல்ல கமிஷன் நம்பர் வேணும். ஹெரால்டு 1200 கன்வெர்ட்டிபிள்னா அந்த நம்பர் ஜி.ஏ.ன்னு ஆரம்பிச்சு சி.வி.ன்னு முடியும். எங்க கார்ல நம்பர் பிளேட்டே கிடையாது, எவ்வளவு தேடியும் இல்லைன்னோம்.

"எங்க தேடினீங்க?"

"பானெட்டுக்குக் கீழ சார், டேஷ்போர்டுக்கு முன்னாடி இருக்கிற தகட்டுல..."

"வெறும் தகடு தெரிஞ்சுதா, இல்ல கறுப்பா ஏதாவது அப்பியிருந்துதா?"

நாங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். தண்ணி ஒழுகாம இருக்க யாரோ பூசின தார்னு நினைச்சு நாங்க தொடவே இல்லை.

"கழட்டி எறியறவன் ரிவெட்டு ஓட்டையை விட்டுட்டுப் போவான். சோம்பேறி மேலயே பூசிடுவான். தின்னர் வாங்கிட்டுப் போங்க" என்றார். கூடவே, "நானும் ஒரு நாள் வந்து பார்க்கலாமா?" இதைக் கேக்கறதுக்குள்ள ரெண்டு தடவை தொண்டையைச் செருமினார்.

ஞாயித்துக்கிழமை காலை, மறுபடி மதுராந்தகம். முதல்ல காந்தம். ஹாஸ்டல் ஃப்ரிட்ஜ்ல இருந்து சுட்டது. பின் சீட்டுக்குப் பின்னாடி டிக்கி ஆரம்பிக்கிற இடத்துல மெதுவா நகர்த்திட்டே போனேன். தகட்டுல ஒட்டி ஒட்டி வந்த காந்தம் ஒரு இடத்துல பொத்துனு விழுந்துச்சு. கீழே பட்டி. ஒரு சாண் தள்ளி மறுபடி விழுந்துச்சு. இந்தப் பக்கம் எத்தனையோ, அந்தப் பக்கமும் அத்தனை, அதே இடைவெளியில. கூரையோட போல்ட் ஓட்டைகள்! பானெட் உதட்டுல உள் பக்கமா விரல் விட்டா, ஏழு எழுத்துக்குப் போக மிச்சமா அடைச்ச ஓட்டைகள்.

தாத்தா நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துட்டே இருந்தார். ஒண்ணும் சொல்லலை. நம்மாளு தின்னர்ல துணியை நனைச்சு அந்தக் கறுப்பைத் தேய்க்க ஆரம்பிச்சான். பத்து நிமிஷம் ஒண்ணும் இல்லை. எனக்கு உள்ளுக்குள்ள என்ன ஓடுச்சுன்னு உண்மையைச் சொல்லிடறேன்: எதுவும் வராம இருக்கட்டும் கடவுளே! வராம இருந்தா 'நிரூபிக்க முடியலை'ன்னு எழுதிட்டுப் போயிடலாம். அப்புறம் அலுமினியம் மின்னிச்சு.

தாத்தா எழுந்து வந்தார். கண்ணாடியைத் துடைச்சு மாட்டிக்கிட்டு, குனிஞ்சு, சர்வே கல் மேல இருக்கிற எழுத்தைப் படிக்கிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையா படிச்சார். "ஸ்டாண்டர்டு... மோட்டார்... புராடக்ட்ஸ்... ஆஃப் இண்டியா... லிமிடெட்... மெட்ராஸ்." நிமிர்ந்தார். "பதினெட்டாயிரம்" என்றார். உள்ளே போயிட்டார்.

அன்னைக்கு மத்தியானச் சாப்பாடு எப்படி இருந்துச்சுன்னு கேக்காதீங்க. பாட்டி மட்டும் ரசம் ஊத்தும்போது, "காசுமாலையை ரெண்டு வருஷத்துல மீட்டுட்டார்பா" என்றாங்க, யாரும் கேக்காமலே.

ராத்திரி மொட்டை மாடியில படுத்திருந்தோம். நம்மாளு வானத்தைப் பார்த்துட்டே சொன்னான், "மச்சி, ரெண்டு ரிவெட்டுதாண்டா. ட்ரில் பண்ணா அஞ்சு நிமிஷம். நமக்கு நாலு பேருக்குத்தான் தெரியும்." நான் பதில் சொல்லலை. நல்லவன்ங்கறதால இல்லை. எனக்கும் அதே கணக்கு ஓடிட்டிருந்துச்சு. ஒன்பது லட்சத்துல ரெண்டு பேரோட படிப்பு முடிஞ்சு மிச்சமும் வரும். வாங்கறவர் பணக்காரர். கேடன்ல நம்பர் இல்லாம சர்டிஃபிகேட் கிடைக்காதுதான், ஆனா புரோக்கர் சொன்ன மாதிரி நாமளும் ஒரு கதை சொன்னா..? தாத்தா அப்படித்தானே நம்பினார்? தாத்தா அப்படித்தானே நம்பினார்ங்கற அந்த இடத்துலயே நின்னுட்டேன். அவனும் அங்கேயே நின்னிருப்பான்னு நினைக்கறேன். பேசலை.

காலையில நாங்க எழுந்து வந்தப்ப தாத்தா நம்மாளோட போனைக் கையில வெச்சிருந்தார். "அந்த பெங்களூர் ஆளைக் கூப்பிடு." கூப்பிட்டான். ஸ்பீக்கர்ல போட்டார். பிளேட்டுல இருந்ததை அதே குரல்ல, நம்பரோட, முதல்ல இருந்து கடைசி வரைக்கும் படிச்சார். "சிலிண்டர் அறுபத்து மூணரை. பின்னாடி போல்ட் ஓட்டை பட்டி போட்டிருக்கு. பையன் அளந்தான், நான் பார்த்தேன்" என்றார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் 'யோசிச்சுச் சொல்றேன் சார்'னு ஒரு குரல். இதை எழுதற வரைக்கும் அவர் யோசிச்சுக்கிட்டேதான் இருக்கார்.

தங்கச்சி பேங்க் லோன் போட்டு காலேஜ்ல சேர்ந்துட்டா. நம்மாளு ஃபீஸை ரெண்டு தவணையா கட்டறேன்னு எழுதிக் குடுத்து, முதல் தவணை கட்டியாச்சு. ரெண்டாவதுக்கு டியூஷன் எடுக்கறான்.

பெருங்களத்தூர் ஐயா போன ஞாயித்துக்கிழமை மதுராந்தகம் வந்தார். கொட்டகைக்குள்ள நுழைஞ்சதும் காரைத் தொடலை. செருப்பைக் கழட்டிட்டு ஒரு சுத்து சுத்தி வந்தார். அப்புறம் தரையில படுத்து, பின் சக்கரத்துக்கு நடுவுல குறுக்கா போற லீஃப் ஸ்பிரிங்கைப் பார்த்துட்டு, "இதை யாரு சார் தலைகீழா கிரீஸ் பண்ணது?"ன்னு கேக்க, "நான்தான்யா, நாப்பது வருஷமா அப்படித்தான்"னு தாத்தா சொல்ல, ரெண்டு பேருக்கும் சண்டை. அஞ்சு நாளா யார்கிட்டயும் சரியா பேசாத தாத்தா, அன்னைக்குத்தான் வாயைத் திறந்தார். சாயங்காலம் ரெண்டு பேரும் சேர்ந்து பானெட்ல இருந்த ஏழு எழுத்தையும் ஸ்க்ரூடிரைவர் வெச்சு நெம்பி எடுத்தாங்க.

ஸ்டாண்டர்டுக்கு இங்கிலீஷ்ல எட்டு எழுத்து. ட்ரையம்ஃப்ல இருந்து அதுக்கு உதவறது ரெண்டே ரெண்டு. 'டீ'க்கு வர்ற எழுத்தும், ஆரும். அதை மறுபடி ஒட்டியாச்சு. மிச்சம் ஆறு வேணும்: எஸ் ஒண்ணு, என் ஒண்ணு, ஏ ரெண்டு, 'டாக்'குக்கு வர்ற டி ரெண்டு. புதுப்பேட்டைப் பக்கம் போனா, பழைய ஹெரால்டு எழுத்து எங்கேயாவது சாக்குல கிடக்குதான்னு பாருங்க ஃப்ரெண்ட்ஸ். குரோம் உரிஞ்சிருந்தாலும் பரவாயில்லையாம், தாத்தா சொல்லச் சொன்னார்.